போன தடவை ஒண்ணும் இல்லன்னாங்க, மறுபடி எதுக்கு டெஸ்ட்?

நீடாமங்கலத்துக்காரி:
எனக்கு 43 வயசு. 2019-ல ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய்ப் புற்று இருக்கான்னு அங்க மருந்து தடவிப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. இப்போ நர்ஸம்மா திரும்ப வரச் சொல்றாங்க. வலி, வெள்ளைப்படுதல் எதுவும் கிடையாது. நடவு சமயம் வேற, ஒரு நாள் போனா கூலி போச்சு. "நல்லா இருக்கிற உடம்பை ஏன் கிளறணும்"ங்கறாங்க மாமியார். அப்போ இல்லாதது இப்போ எங்கேருந்து வரும்?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
இந்த டெஸ்டுக்கு வாங்கன்னு வரப்புல நின்னு கூப்பிட்டவ நான். நாத்துமுடியைக் கையில வச்சிக்கிட்டே "அடுத்த வாரம் வாரேங்க்கா"ன்னவங்க எத்தனை பேரு!

அவங்க தடவுனது அசிட்டிக் அமிலம், வினிகர் வாசனை வந்திருக்குமே. ஒரு நிமிஷம் கழிச்சு வெள்ளைத் திட்டு தெரிஞ்சா சந்தேகம். தெரியலன்னா அன்னைக்கு இல்லன்னுதான் அர்த்தம், ஆயுசுக்கும் இல்லன்னு இல்ல. இந்தப் புற்றை உண்டாக்குற எச்பிவிங்கற வைரஸ் உள்ள தங்கிட்டா, அது புற்றா மாற 15, 20 வருஷம்கூட ஆகும். வலி வர்ற வரைக்கும் காத்திருந்தா அது முத்தின பிறகுதான். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வச்சிருக்கறது இதனாலதான்.

பலன் உண்டான்னா, உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துல 2000-ல ஆரம்பிச்சு, 30-லேருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள நர்ஸுங்களே ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்தாங்க. திட்டு இருந்தவங்களுக்கு அந்தத் திட்டை உறைய வச்சு சிகிச்சை. 2006 வரைக்கும் கணக்கெடுத்தா, பார்க்காத ஊர்களைவிட இந்த ஊர்கள்ல இந்த நோயால சாவு 35 சதவீதம் குறைவு. முழுசா நிக்கல பாருங்க, ஒரு தடவை பத்தாதுங்கறேன்.

இன்னொண்ணு, தீட்டு நின்னு போன வயசுல புற்று ஆரம்பிக்கிற இடம் உள்ள போயிடும், வினிகர்ல சரியாத் தெரியாது. நீங்க அதுக்கு முன்னாடி, இப்பவே பார்த்துக்கணும்.

ஒரத்தநாடு பொண்ணு:
எங்கம்மாவுக்கு வெள்ளைத் திட்டு தெரிஞ்சுது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி சீட்டு கொடுத்தாங்க. அம்மா அதை காலண்டருக்குப் பின்னாடி சொருகிட்டு சும்மா இருந்துடுச்சு. யாரும் ஒரு போன்கூட பண்ணல. ரெண்டு வருஷம் கழிச்சு ரத்தம் போனப்பதான் சீட்டைத் தேடுனோம். டெஸ்ட் எடுத்தா மட்டும் ஆகாதுக்கா.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
நெசம்தான் தங்கம். சீட்டு கொடுத்ததோட எங்க வேலையும் முடிஞ்சுதுன்னு நெனச்ச காலம் உண்டு. அந்த வைரஸ் இருக்கான்னு பார்க்கற எச்பிவி டெஸ்ட் கிடைச்சா அதையே எடுங்க. மகாராஷ்டிராவுல உஸ்மானாபாத்ல அது ஒரு தடவை எடுத்ததுக்கே எட்டு வருஷத்துல சாவு பாதிக்குக் கிட்ட குறைஞ்சுது.

நீடாமங்கலத்துக்காரி:
புதன்கிழமையோட நடவு முடியுது, வியாழன் போறேன். தீட்டு நேரத்துல போகலாமாக்கா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
வேணாம், நின்னதும் போங்க. சுடிதார் வேணாம், புடவையிலயே போங்க, சங்கடம் கம்மி.