ஐடிஐ ஏசி மெக்கானிக் டிரேடு: கையில் இருக்கும் ஏழு மாதத்தில் பையன்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

வாத்தியார்_திண்டுக்கல்

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் ஐடிஐயில் ஏசி, ஃபிரிட்ஜ் டிரேடுக்குப் பாடம் எடுக்கிறேன். டிப்ளமோ முடித்து நேராக வகுப்புக்கு வந்தவன், வெளியே சர்வீஸ் வேலை பார்த்த அனுபவம் குறைவு. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இரண்டாம் வருடத்தில் 22 பேர். பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவர்கள். கம்ப்ரஸர், கன்டென்சர், கேப்பிலரி (மெல்லிய துளைக் குழாய்), எவாப்பரேட்டர் என்று படம் போட்டுக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் பட்டறையில் இருப்பது இரண்டு விண்டோ ஏசி, ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஒரு வாட்டர் கூலர், ஓடாத ஒரு ஸ்பிளிட். ஏசி எல்லாமே ஆர்-22 என்ற பழைய கேஸ் காலத்துச் சரக்கு. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் ஒன்று உண்டு, அதுவும் ஸ்டோர் ரூமில் பூட்டுக்குள்.

போன வருடம் ஒரு பையன் வேலைக்கு நேர்காணல் போனான். கால் இன்ச் குழாயைக் கொடுத்து ஃபிளேர் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதாவது நட்டுப் போட்டு இணைக்கக் குழாயின் வாயை விரிப்பது. நட்டைக் குழாயில் கோக்காமலே ஃபிளேர் அடித்துவிட்டான், விரித்த பிறகு நட்டு அந்த வாய் வழியாக ஏறாது. திரும்பி வந்து அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மேல் தப்பே இல்லை, இரண்டு வருடத்தில் அந்த ஃபிளேரிங் டூல் அவன் கைக்கு மூன்று தடவை வந்திருந்தால் அதிகம்.

இந்த வருடம் நிர்வாகத்திடம் பேசி நாற்பதாயிரம் ரூபாய் வரை வாங்கலாம் போலிருக்கிறது. எதை வாங்குவது, எதில் நேரம் போடுவது? களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

செம்புக்குழாய்_மதுரை

தம்பி, 24 வருடமாக இதே வேலை. முதல் காரியமாக அந்த வேக்கம் பம்ப்பைப் பூட்டிலிருந்து வெளியே எடுங்கள். ஆர்-22 காலத்தில் கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர், வண்டி எப்படியோ ஓடியது. இன்றைக்கு வருகிற ஆர்-32, ஆர்-410ஏ கேஸ் மெஷின்களில் இருக்கிற ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே ஈரம் நின்றால் ஆயில் கெட்டுக் கம்ப்ரஸருக்கே உலை. வேக்கம் எவ்வளவு என்று அளக்கும் மைக்ரான் கேஜ் ஒன்று வாங்குங்கள். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி, பத்து நிமிடம் கை வைக்காமல் நின்று அளவு ஏறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் வர வேண்டும். அந்தப் பத்து நிமிடம் பொறுமையாக நிற்கிற பையனை நான் எந்தக் கேள்வியும் கேட்காமல் வேலைக்கு எடுப்பேன்.

அடுத்தது நைட்ரஜன். செம்புக் குழாயில் இரண்டு துண்டு எடுத்து பிரேஸிங் (சூடாக்கிப் பற்றவைப்பது) பண்ணச் சொல்லுங்கள், ஒன்றில் நைட்ரஜனை மெதுவாக ஓடவிட்டு, இன்னொன்றில் விடாமல். ஆறினதும் இரண்டையும் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று உள்ளே புதுக் குழாய் மாதிரி பளபளவென்று இருக்கும், இன்னொன்றில் கரி பிடித்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில்தான் பிறகு கேப்பிலரியை அடைக்கிறது. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

அப்புறம், இதைத் தயவுசெய்து கரும்பலகையில் அழிக்காமல் எழுதி வையுங்கள்: லீக் டெஸ்டுக்கு ஆக்ஸிஜன் கூடவே கூடாது. பிரேஸிங் செட்டில் பக்கத்திலேயே ஆக்ஸிஜன் சிலிண்டர் நிற்கும், அவசரத்தில் கை அதற்குத்தான் போகும். கம்ப்ரஸர் ஆயிலோடு அழுத்தத்தில் ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும், ஆளே போய்விடுவான். நைட்ரஜனும் ரெகுலேட்டர் இல்லாமல் திறக்கக் கூடாது.

ஃபிளேருக்குப் பணம் ஒன்றும் பெரிதாக வேண்டாம். ஒரு சுருள் கால் இன்ச் குழாய் வாங்கிப் போடுங்கள். வெட்டுவது, வாயைக் கீழே பார்க்கப் பிடித்துப் பிசிறு எடுப்பது, நட்டைக் கோப்பது, ஃபிளேர் அடிப்பது, பிறகு நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீரில் பார்ப்பது. ஆளுக்கு ஐம்பது ஃபிளேர், கணக்கு எழுதி வையுங்கள். லீக் இருந்தால் அவனே வெட்டிவிட்டு மறுபடி அடிக்கட்டும்.

கான்ட்ராக்டர்_கிண்டி

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் வரிசையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. கரண்ட் முதலில் வர வேண்டும். நான் வருடா வருடம் பிப்ரவரி கடைசியில் ஆள் எடுக்கிறவன், மார்ச்சிலிருந்து ஜூன் வரை போன் ஓயாது. வருகிற பையன்களில் பாதிப் பேருக்கு மல்டிமீட்டரை எந்த ரேஞ்சில் வைப்பது என்று தெரியவில்லை. இன்வெர்ட்டர் ஏசிதான் இப்போது அதிகம் விற்கிறது. அதன் அவுட்டோர் போர்டில், மெயினை ஆஃப் பண்ணிய பிறகும் கொஞ்ச நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். அதை அளந்து பார்க்காமல் கை வைக்கிறவனை நான் வேலைக்கு அனுப்ப முடியாது, அவன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

காயலான் கடையில் எரிந்துபோன போர்டுகள், கழற்றிப் போட்ட இன்டோர் யூனிட்டுகள் மலிவாகக் கிடைக்கும். பத்து வாங்கி வாருங்கள் சார். வெப்பநிலை சென்சாரைக் கழற்றி ஓம்ஸ் (மின்தடை) பார்க்கட்டும், ஐஸ் தண்ணீரில் போட்டு மறுபடி பார்க்கட்டும். மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரில் கெட்டுப்போனதையும் நல்லதையும் அளந்து பார்த்து வித்தியாசம் சொல்லட்டும். போன மாதம் ஒரு வீட்டில் கம்ப்ரஸரே போய்விட்டது என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், எங்கள் பையன் பார்த்தால் கெப்பாசிட்டர்தான் போயிருந்தது. ரிட்டையர்டு ஆன ஒரு டீச்சர் அம்மா வீடு அது. புது கம்ப்ரஸருக்குக் கடன் கேட்டு வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சொல்லும் பழக்கத்தை வகுப்பிலேயே ஒழித்துவிடுங்கள். ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்வது மாதிரி ஏசியில் கேஸ் தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. அதைக் கண்டுபிடிக்காமல் டாப்-அப் போட்டுக் காசு வாங்குவது தப்பு என்று 18 வயதிலேயே மனதில் பதிந்தால்தான் உண்டு.

மூன்றாவது மாடி ஸ்லாபில் நின்று வேலை செய்யும்போது சேஃப்டி பெல்ட். முதல் நாளிலிருந்து பட்டறை ஏணியிலேயே போடச் சொல்லுங்கள்.

அம்மோனியா_தூத்துக்குடி

சார், நான் இதே டிரேடு படித்த பெண். எங்கள் பேட்ச்சில் நான் ஒருத்திதான். இப்போது ஏற்றுமதிக்கு இறால் பதப்படுத்தும் ஆலையில் பிளான்ட் ஆபரேட்டர். படிக்கும்போது எல்லாரும் வீட்டு ஏசி பற்றித்தான் பேசுவார்கள், வெளியூர் மாடிகளில் ஏறிப் போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள். இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. ஐஸ் கம்பெனி, கோல்டு ஸ்டோரேஜ், ஆஸ்பத்திரி சில்லர், பால் பண்ணை என்று நிறைய இடம் உண்டு. ஒருநாள் பையன்களை ஏதாவது ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

எங்களுக்கு முக்கியம் லாக் புக். மணிக்கு ஒருமுறை சக்ஷன், டிஸ்சார்ஜ் பிரஷர் (கம்ப்ரஸருக்குள் போகும், வெளியே வரும் பக்கத்து அழுத்தம்), ஆயில் லெவல் எழுத வேண்டும். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தால் கோளாறு வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். உங்கள் வாட்டர் கூலரிலேயே இதைப் பழக்கலாம் சார், செலவே இல்லை. எங்கள் பிளான்ட்டில் குளிரூட்டும் கேஸ் அம்மோனியா, அது கசிந்து மூக்கில் ஏறினால் காற்று வரும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

சென்ட்ரல்_கோச்

ரயில்வேயில் டெக்னீசியன் கிரேடு 3 பதவியில் ஏசி பிரிவு தனியாக உண்டு. அசிஸ்டென்ட் லோகோ பைலட் தேர்வுக்கும் இந்த டிரேடு செல்லும். ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் டைக்கின், புளூ ஸ்டார் ஏசி ஆலைகள் இருக்கின்றன. படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ் போகச் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டு நேராக லோக்கல் கடைக்குப் போனவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

வாத்தியார்_திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. பம்ப் இன்று காலை பட்டறைக்கு வந்துவிட்டது, சாவியை நானே வாங்கிக்கொண்டேன். மைக்ரான் கேஜ், நைட்ரஜன் ரெகுலேட்டர், ஒரு சுருள் குழாய், நான்கு மல்டிமீட்டர் என்று பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மிச்சப் பணத்தில் காயலான் கடை.

மதியம் அந்த இரண்டு குழாயையும் அறுத்துப் பார்த்தோம் அண்ணே. நைட்ரஜன் இன்னும் வரவில்லை என்பதால் அதே மாதிரி செம்போடு சேராத ஆர்கான் வாயுவை வெல்டிங் டிரேடு பக்கத்தில் கேட்டு வாங்கி, ரெகுலேட்டரோடு மெதுவாக ஓடவிட்டோம். கரி பிடித்த துண்டை ஒரு பையன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான், வீட்டில் அப்பாவிடம் காட்ட வேண்டுமாம். ஃபிளேர் கணக்கு நாளை ஆரம்பம்.