மடுவும் மாதாவும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பேச்சு

அத்தான்: தங்கச்சி, ஆவணித் திருவிழாவுக்கு மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலுக்குப் போக ஆயத்தம் என்று பார்த்தேன். கோபிக்காமல் ஒன்று சொல். தேவனுக்கும் மனிதருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே, அவர் இயேசு என்று 1 தீமோத்தேயு 2:5இல் இருக்கிறது. பிறகு ஏன் மாதாவிடம் போய்க் கேட்கிறீர்கள்?

நான்: கோபமில்லை அத்தான், நேரே கேட்டது நல்லது. அந்த வசனத்தைக் கத்தோலிக்கரான நாங்களும் அப்படியே நம்புகிறோம். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தையும் பாருங்கள். எல்லா மனிதருக்காகவும் மன்றாடுங்கள் என்று பவுல் சொல்கிறார். ஒருவருக்காக இன்னொருவர் மன்றாடுவது இயேசுவின் இடத்தைப் பிடிப்பதென்றால் பவுல் அப்படி எழுதியிருப்பாரா?

நான்: மகனுக்கு டெங்கு வந்தபோது இதே குழுவில் எல்லாரும் ஜெபியுங்கள் என்று போட்டீர்கள். நாங்களும் விடிய விடியச் செபித்தோம். மாதாவிடம் நாங்கள் கேட்பதும் அதுதான், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று.

அத்தான்: நீங்கள் உயிரோடு இருக்கிறவர்கள். மரித்தவர்களிடம் விசாரிப்பதை உபாகமம் 18 தடுக்கிறது.

நான்: அது ஆவியைக் கூப்பிட்டுக் குறி கேட்பது. நாங்கள் ஒருவரையும் எழுப்பிப் பதில் கேட்பதில்லை. கடவுள் மரித்தோரின் தேவன் அல்ல, ஜீவனுள்ளோரின் தேவன் என்று இயேசுவே சொன்னார், மாற்கு 12:27. கிறிஸ்துவுக்குள் இறந்தவர்கள் அவருடைய உடலிலிருந்து அறுந்து போனவர்கள் அல்ல. நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான் அத்தான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

மாமி: எங்கள் மெதடிஸ்த கோயிலில் பரிசுத்தவான்களுக்காக நன்றி சொல்லுவோம், அவர்களிடம் கேட்பதில்லை. ஆனாலும் பிள்ளை சொல்லுவது விளங்குகிறது. மாதா சிலைக்கு, அந்தச் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பதுதான் எனக்கு இன்னும் நெருடல்.

நான்: சுரூபத்துக்குக் காது கேட்காது என்று எங்களுக்கும் தெரியும் மாமி. மோசே செய்த வெண்கலப் பாம்புக்குச் சனம் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா அதை உடைத்தார். சரிதான். மடுச் சுரூபத்தையே கடவுள் என்று யாராவது நினைத்தால் எங்கள் ஃபாதரும் பிழை என்றுதான் சொல்லுவார்.

நான்: ஆனால் அந்தச் சுரூபம் எங்களைப் போல ஓடித் திரிந்த சுரூபம். ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், கத்தோலிக்கப் பூசையைத் தடுத்த காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். குருமார் இல்லாமல் கிடந்த சனத்தைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து ஜோசவ் வாஸ் அடிகளார் ஒளித்து வந்தார். பிறகு 2008 சித்திரையில் போர் நடந்தபோது ஷெல்லுக்குப் பயந்து அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். நாங்களும் சட்டிபானையோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்த வருடம் அது. அதற்கு முன்னால் நிற்கும்போது எங்கள் சனம் பட்டபாடெல்லாம் நினைவுக்கு வரும்.

அத்தான்: சரி. மீட்பு கிருபையால் வருகிறது, நேர்த்திக்கடனால் அல்ல. அதையாவது ஒத்துக்கொள்வாயா?

மாமி: அதில் சண்டை வேண்டாம் தம்பி. 1999இல் லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கரும் அதைப் பற்றிச் சேர்ந்து கையெழுத்து வைத்தார்கள். 2006இல் எங்கள் மெதடிஸ்தரும் சேர்ந்தார்கள். எங்கள் புண்ணியத்தால் அல்ல, கிருபையால்தான் என்று அதிலேயே இருக்கிறது.

நான்: ஓம் மாமி. நேர்த்தி நன்றிக்கு வைப்பது. விலை கொடுத்து வாங்க வைப்பதல்ல.

சின்னக்கா: போர்க்காலத்தில் பங்கர் குழிக்குள் அம்மா செபமாலை சொல்ல நானும் கூடச் சொன்னவள்தான். இப்போது இயேசுவிடம் மட்டும் போகிறேன், அதில் எனக்குச் சமாதானம். உன்னை மாற்ற வரவில்லை. அம்மா ஏன் அதை விடவேயில்லை என்று விளங்கிக்கொள்ள ஆசை.

நான்: "இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்" என்ற இடம் வரும்போது அம்மா குரலை உயர்த்துவா, நினைவிருக்கிறதா? ஷெல் சத்தத்துக்கு மேலால் எங்களுக்குக் கேட்க வேண்டுமே. அந்த "அருள் நிறைந்த மரியே" செபத்தின் முதல் பாதி லூக்காவில் வானதூதரும் எலிசபெத்தும் சொன்னது. அது போய் முடிவது இயேசுவின் பேரில். அம்மா அவரை விட்டு வேறெங்கும் போகவில்லை அக்கா.

அத்தான்: இறந்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறீர்களே? ஒரு தரம் மரிப்பது, பின்பு நியாயத்தீர்ப்பு. எபிரெயர் 9:27.

நான்: தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கேட்பதில்லை. கடவுளின் அன்பில் இறந்தவர்களைத் தூய்மையாக்கித் தம்மோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறோம். 2 மக்கபேயர் 12இல் யூதா மக்கபே போரில் விழுந்த தன் ஆட்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க ஆளனுப்பினார்.

அத்தான்: அந்தப் புத்தகம் எங்கள் வேதாகமத்தில் இல்லையே.

நான்: இல்லைதான். உங்களுடையதில் 66 புத்தகங்கள், எங்களுடையதில் 73. அதனால் அதை வைத்து உங்களை மடக்க வரவில்லை. பெரியண்ணையை வைத்துச் சொல்கிறேன். 2009 வைகாசியில், போர் முடிகிற நேரம், வட்டுவாகல் பாலத்தடியில் அவரைக் கடைசியாகப் பார்த்தது. இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கார்த்திகை 2ஆம் திகதி, இறந்தவர்களை நினைக்கும் நாளில், சேமக்காலைப் பூசைக்குப் பேர் எழுதும்போது அவருடைய பேரை எழுத அம்மா விடமாட்டா. நானும் எழுதமாட்டேன். மடுவில் பூசைக்குக் கொடுக்கும் துண்டில் அவருடைய பேரை மட்டும் எழுதுகிறேன். சுகத்துக்காக என்றும் எழுதுவதில்லை, ஆத்துமத்துக்காக என்றும் எழுதுவதில்லை.

அத்தான்: நாங்களும் அண்ணைக்காக ஜெபிக்கிறோம் தங்கச்சி. உயிரோடு இருந்தால் காத்தருளும் என்று.

சின்னக்கா: அவர் அப்படிச் சொல்லும்போது நான் பேசாமல் இருந்துவிடுவேன். அண்ணை உயிரோடு இல்லாவிட்டால் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான்: நான் இரண்டுக்கும் சேர்த்தே கேட்கிறேன் அக்கா. எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அண்ணை அதே கிறிஸ்துவின் கையில்தான். அவர் எங்கே என்று தெரிந்த பிறகுதான் செபிக்கலாம் என்று எங்கள் திருச்சபை சொல்லவில்லை. இந்தப் பதினைந்து வருடத்துக்கு மேலாக நான் விழாமல் நிற்பது அதனால்தான்.

சின்னக்கா: இந்த முறையும் அந்தத் துண்டை எழுது.

நான்: எழுதுகிறேன்.

அத்தான்: மக்கபேயரில் அந்தப் பகுதியை அனுப்பு, வாசித்துப் பார்க்கிறேன். ஒத்துக்கொள்ளுவேன் என்று நினைக்காதே.

நான்: 38 தொடக்கம் 45 வரை அத்தான். படம் எடுத்துப் போடுகிறேன்.