சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: 15,340 கி.மீ.க்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஏன்?

கேள்வி:
சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை வான்வழித் தூரம் சுமார் 15,340 கி.மீ. என்று காட்டுகிறது. ஏ350 விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்றால் 17 மணி நேரம்தானே ஆக வேண்டும்? 18 மணிக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஜூன் 1 இரவு 11.35க்குக் கிளம்பி ஜூன் 2 காலை 6.10க்கு இறங்கினால், கழித்துப் பார்க்க ஆறரை மணி நேரம்தான் வருகிறது! சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இந்த வழி சரிப்படுமா?

பதில் 1:
நீங்கள் பார்த்தது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய தூரம். அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. விமானம் அப்படியே போவதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கின் வடபகுதி வழியாகப் போகும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதற்காக, தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடினாலும் அந்த வழியை எடுக்கிறார்கள். திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறது. கிட்டத்தட்ட உலகத்தின் எதிர்ப்பக்கம் என்பதால் இரண்டு திசையும் ஒத்துவருகிறது.

காற்றின் கணக்கைக் குறைவாக நினைக்காதீர்கள். சராசரியாக 50 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், 17 மணி நேரத்தில் 850 கி.மீ. பின்தங்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறு கேட்டில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறி இறங்கும்போது வேகம் குறைவது எல்லாம் அதில் அடக்கம். தூரத்தை 900 ஆல் வகுத்து முக்கால் மணி நேரம் கூட்டினால் தோராயக் கணக்கு வந்துவிடும்; அதற்கு மேல் வருவது சுற்றுவழியும் காற்றும்.

பதில் 2:
டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் யுடிசிக்கு (உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். சிங்கப்பூர் யுடிசி +8, ஜூனில் நியூயார்க் –4. இரவு 11.35 என்பது யுடிசி 15.35, மறுநாள் காலை 6.10 என்பது 10.10. ஆக 18 மணி 35 நிமிடம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்னொரு தளத்தில் 13 மணி நேர வித்தியாசம் என்று இருக்கிறதே?

பதில் 2:
அது குளிர்காலக் கணக்கு. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நியூயார்க் –5. சிங்கப்பூர் மாறுவதே இல்லை.

பதில் 3:
சென்னைக்காரர்களுக்கு இது சுற்றுவழி. சென்னை – நியூயார்க் நேர்த்தூரம் சுமார் 13,480 கி.மீ. துபாய் வழியாக ஏறத்தாழ 13,950. சிங்கப்பூர் வழியாக 18,250 ஆகிவிடும். முதல் 2,900 கி.மீ. தென்கிழக்கே போய்விட்டுத்தான் வடக்கே திரும்புகிறீர்கள். அதோடு, இந்தத் தடத்தில் ஓடும் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில் சாதாரண எகானமியே கிடையாது. 161 இருக்கைகளில் 67 பிசினஸ், மீதி 94 பிரீமியம் எகானமி. சிங்கப்பூரில் வேலை இருந்தால் மட்டும் எடுங்கள்.

பதிவு செய்யும்போது ஜேஎஃப்கேயா, பக்கத்து நியூஜெர்சியில் உள்ள நூவர்க் விமான நிலையமா என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து இரண்டுக்கும் நேரடி விமானம் உண்டு, 'நியூயார்க்' என்று தேடினால் இரண்டும் சேர்ந்தே வரும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் அடுத்த விமானம் பிடிப்பதென்றால் நகரத்தின் குறுக்கே போக வேண்டும். குடிநுழைவு வரிசையையும் சேர்த்து ஐந்து மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.