சூனோவுக்கு எப்போது பணம் கட்டலாம்?

கேள்வி: காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். ஏஐ மூலம் பாட்டு செய்து தரும் சூனோ (Suno) செயலியின் இலவசக் கணக்கில் கடை விளம்பரத்துக்கு ஒரு பாட்டு செய்தேன். பம்பை கேட்டால் டிரம்ஸ் தருகிறது. ஆனாலும் மெட்டு மனதில் நின்றுவிட்டது. மாதம் 10 டாலர் கட்டலாமுங்களா?

பதில்: விளம்பரம் என்றால் கட்டித்தான் ஆகணுங்க. இலவசத்தில் செய்த பாட்டுக்கு வணிக உரிமை கிடையாது. பிறகு பணம் கட்டினாலும் பழைய பாட்டுக்கு அது வராது, புதிதாகத்தான் செய்யணும்.

பதில்: அவசரப்படாதீங்க. தினமும் 50 கிரெடிட், அதாவது பத்துப் பாட்டு சும்மாவே கிடைக்கிறது. வரிகளை அதில் சரிபார்த்துவிட்டு ஒரே ஒரு மாதம் கட்டுங்கள்.

கேட்டவர்: சரிங்க, அப்படியே செய்கிறேன். பம்பைக்கு மட்டும் எங்கள் ஊர்க் கலைஞரையே வாசிக்கச் சொல்லப்போகிறேன். அந்த அதிர்வு எனக்கு வேணும்.