சில்வர் பீச் அலையை முந்தின நாளே கணிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள சில்வர் பீச்சில் சர்ஃபிங் பழகும் பையன்களுக்குத் துணையாக நிற்கிறேன். மறுநாள் கடலில் இறங்கலாமா என்று இரவே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) தரும் அலை உயரம், ஸ்வெல் (தூரத்துக் கடலில் கிளம்பி வரும் அலை) வரும் திசை, அலைகளுக்கு இடையிலான நொடிகள் எல்லாம் பார்க்கிறேன். ஆனால் அந்த உயரம் ஆழமான கடலுக்கானது, கரையில் உடையும் அலை வேறு. ஒரு மீட்டர் ஸ்வெல்லே 14 நொடி இடைவெளியில் வந்தால் வலுவாக எழும். 6 நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலைதான். தென்மேற்கிலிருந்து வருவதை இலங்கை பெருமளவு மறைத்துவிடுகிறது. அப்படியானால் எந்தத் திசையில் வருவது நம் கரைக்கு ஒழுங்காக வந்து சேரும்? இதுதான் முதல் கேள்வி.

அப்புறம் நீருக்கடியில் இருக்கும் மணல் திட்டு, அதன் மேல்தான் அலை உடையும். கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்துபோனால் திட்டுகள் இடம் மாறிவிடும், இதை எந்த ஆப்பும் சொல்லாது. கரையில் நின்றே திட்டையும் நீர் உள்ளே இழுக்கும் இடத்தையும் எப்படி அடையாளம் காண்பது? மீனவ அண்ணன்மார், புதுச்சேரி செரினிட்டி பீச்சில் சர்ஃப் செய்பவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.