அடிப்படைப் பயிற்சி இப்போது பிக்னிக்கா?

பழைய கடேற் (கொக்குவில்)

பெறாமகன் கனடிய இராணுவத்தில் சேர்ந்து, கியூபெக்கில் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு லீவில் வந்து நிற்கிறான். வந்த நாளிலிருந்து கதை கேட்கிறேன். வீட்டாரோடு போனில் கதைக்க விடுகிறார்களாம். சார்ஜன்ற் மேலில் கை வைக்க முடியாதாம். முழங்கால் நொந்தால் வைத்தியரிடம் போகலாமாம். அமெரிக்காவில் இன்னும் மோசம் என்று கேள்வி. பொடியனுக்கு மனம் சோர்ந்தால் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும், கத்துகிற ஆள் வாயை மூட வேண்டுமாம்!

எழுபதுகளில் நாங்கள் பாடசாலைக் கடேற்றாகத் தியத்தலாவைக்குப் போனோம். விடியப்புறம் பல்லுக் கிட்டுகிற குளிரில் வரிசையில் நிறுத்திவிட்டுச் சப்பாத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். தையல் ஓரத்தில் பொலிஷ் வெள்ளையாகக் காய்ந்து நின்றால் மைதானம் சுற்ற வேண்டியதுதான், காலைச் சாப்பாடும் பிந்தும். பள்ளிக்கூடப் பொடியளுக்கே அப்படி. இப்போது உண்மையான படைக்கு இந்த உபசாரம். இறுக்கம் போனால் படையாளும் போய்விடுவான் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி இருந்தால் வரட்டும்.

பிசியோ (திருநெல்வேலி, யாழ்.)

எதிர்க்கட்சி வந்துவிட்டேன் சேர்.

அந்த அட்டைக் கதை முகநூலுக்கு முந்திய வதந்தி. தொண்ணூறுகளில் அமெரிக்கக் கடற்படை, புதிதாக வந்தவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்தது உண்மை. மனம் உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று அதில் இருந்தது. அதைக் காட்டிப் பயிற்சியை நிறுத்தலாம் என்பது பழைய ஆட்கள் சேர்த்த மசாலா.

பழைய இறுக்கத்தில் எது போனது என்றும் பார்க்க வேண்டும். 1956 ஏப்ரல் 8 இரவு, தென் கரோலைனாவில் அமெரிக்க மரீன் படையின் பாரிஸ் ஐலண்ட் முகாம். ஒழுங்கு பழக்குகிறேன் என்று ஒரு பயிற்றுநர் தன் அணியை இருட்டில் சதுப்புக் கழிக்குள் இறக்கி நடத்தினார். ஆறு பேர் தாண்டு போனார்கள். அதன் பிறகுதான் பயிற்றுநர்களுக்கு மேலே கண்காணிப்பு இறுகியது. பயிற்சி அதோடு இளகிவிடவில்லை. அதே மரீன் படை 1996இல் 'குரூசிபிள்' என்று 54 மணித்தியாலச் சோதனையைப் புதிதாகச் சேர்த்தது. அரைகுறைச் சாப்பாடு, அரைகுறைத் தூக்கம், முதுகில் பாரம். அது உங்கள் காலத்து ஆட்களுக்கு இருக்கவில்லை.

உட்லண்ட்ஸ் சிவா (சிங்கப்பூர்)

தாத்தா வட்டுக்கோட்டைக்காரர், அதனால் உள்ளே நுழைய எனக்கும் உரிமை உண்டு. பாதி கடேற் மாஸ்டர் பக்கம்தான் நான். இங்கே தேசிய சேவைக்கு (கட்டாய இராணுவ சேவை) உடற்தகுதிச் சோதனை முன்பு ஐந்து பிரிவு. 2015இல் மூன்றாக்கினார்கள். புஷ் அப், சிட் அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான். கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவது போயே போச்சு. அந்தக் கம்பிதான் பலரை வடிகட்டியது. 2011இல் ஒரு படம் ஊரெல்லாம் சுற்றியது நினைவிருக்கிறதா? சீருடைப் பையன் கைவீசி முன்னால் நடக்கிறான், அவன் இராணுவப் பையைச் சுமந்து வீட்டுப் பணிப்பெண் பின்னால் வருகிறார். எங்கள் அப்பா மூன்று நாள் அதையே சொல்லித் திட்டினார்.

ஆனால் தேக்கோங் தீவில் நடக்கிற அடிப்படைப் பயிற்சி முடிவில் 24 கிலோமீட்டர் நடை இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும்.

பழைய கடேற்

பார்த்தீர்களா, சிங்கப்பூரே ஒப்புக்கொள்கிறது.

பிள்ளை, நீ விபத்தைச் சொல்கிறாய், நான் விதியைச் சொல்கிறேன். ஆறு பேர் இறந்தது குற்றம், யார் இல்லை என்றார்கள்? அதற்காகக் கத்துவதையும் நிறுத்த வேண்டுமா? 2020இல் அமெரிக்காவின் காலாட்படைப் பயிற்சியில் அந்த முதல் நாள் வரவேற்பையே எடுத்துவிட்டார்களே. பஸ்சால் இறங்கியதும் நாலு பேர் சூழ்ந்து நின்று காதுக்குள் கத்துவது. 'சுறா தாக்குதல்' என்று பெயர். அது கட்டாய ஆட்சேர்ப்புக் காலத்துப் பழக்கம், பயிற்றுநர் மேல் நம்பிக்கையைக் கெடுக்கிறது என்று விளக்கம் வேறு. எதிரி நம்பிக்கையாகவா வந்து சுடுவான்?

ஸ்காபரோ அம்மா

நான் அதிகம் எழுதுவதில்லை. மகனுக்கு 17 வயது, கனடாவில் அந்த வயதில் சேர்வதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். படிவம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. இந்த ஊரில் சீருடையைக் கண்டால் எனக்கு இன்னும் கை நடுங்கும், அது உங்களுக்குத் தெரியும். ஆட்சேர்ப்பு அலுவலரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே 'அடிப்பீர்களா' என்பதுதான். அவர் சிரிக்கவில்லை. அடிப்பது குற்றம், அடித்தால் முறையிடுவது எங்கே என்று விளக்கினார். சேர் சொல்கிற காலத்து இராணுவமாக இருந்தால் அந்தப் படிவத்தை அன்றே கிழித்திருப்பேன்.

பிசியோ

அக்கா சொன்னதில் முழுக் காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு 1973இல் நின்றது, பிரித்தானியாவில் அதற்கும் முந்தி. பிடித்து வந்தவனை எப்படியும் நடத்தலாம், அவன் போக முடியாது. விரும்பி வந்தவன் விட்டுவிட்டுப் போவான், அவன் அம்மா அடுத்த பிள்ளையை அனுப்ப மாட்டார். பிரித்தானியாவில் 1995க்கும் 2002க்கும் இடையில் டீப்கட் முகாமில் நாலு இளம் படையாட்கள் துப்பாக்கிக் காயத்தால் இறந்தார்கள். விசாரணை மேல் விசாரணை நடந்தது. இப்போது அங்கே பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற அதே அமைப்புத்தான் படைப் பயிற்சி நிலையங்களையும் பரிசோதிக்கிறது.

சேர், கால அளவையும் பாருங்கள். வியட்நாம் போர் நேரம் மரீன் அடிப்படைப் பயிற்சி எட்டு வாரத்துக்குச் சுருங்கியது. இப்போது 13. அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சி 14 வாரமாக இருந்து 22 ஆனது. பழைய ஆள் கூடக் கத்து வாங்கினான், குறையப் படித்தான்.

வடமராட்சியான்

போர் வந்தால் பயிற்சி சுருங்கும். எங்கள் ஊர் ஆட்களுக்கு அதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. அதற்கு மேல் நான் எழுதவில்லை.

2011ஐ மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை மூன்று வாரம் இராணுவ முகாம்களுக்கு அனுப்பி 'தலைமைத்துவப் பயிற்சி' கொடுத்தார்கள். இங்கிருந்தும் போனார்கள். என் தங்கச்சியும் போனாள். போகிற நேரம் வீட்டில் செத்தவீடு. திரும்பி வந்து 'அணிநடை பழக்கினார்கள், விரிவுரை வைத்தார்கள், சோறு பரவாயில்லை' என்றாள். அதில் யாருக்கு என்ன தலைமைத்துவம் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இறுக்கமாக இருந்தாலும் இளகி இருந்தாலும், எதற்காக என்று தெரியாத பயிற்சி வீண்தான்.

மட்டுறுத்துனர்

அரசியல் பக்கம் திரும்பாமல் போனால் திரி திறந்திருக்கும்.

பழைய கடேற்

சரி, பயிற்சிக்கே வருகிறேன். 2022இல் அமெரிக்கா போர்ட் ஜாக்சன் இராணுவ முகாமில் ஒரு முன்பயிற்சி தொடங்கியது. உடம்பில் கொழுப்புக் கூடியவன், எழுத்துச் சோதனையில் புள்ளி குறைந்தவன் எல்லாரையும் 90 நாள்வரை வைத்து மெலிய வைத்தும் படிப்பித்தும் பிறகு அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக வாசலைப் பதித்துவிட்டார்கள் என்று இதைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பிசியோ

வாசல் அதே உயரம்தான் சேர். இது சோதனைக்கு முந்திய ரியூசன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நீங்கள் ரியூசனைக் குறை சொல்லலாமா? உண்மையில் வாசலைப் பதித்தது உங்கள் பொற்காலத்தில்தான். 1966இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா, சோதனையில் தேறாதவர்களையும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேர் கணக்கில் எடுக்கச் சொன்னார்.

பழைய கடேற்

நான் நாற்பது வருடம் படிப்பித்தவன். ரியூசன் பிள்ளை சோதனை முடிந்த அன்றே மறந்துவிடும். ஆகவே உன் உதாரணம் என் பக்கம்.

சரி, அளவுகோலுக்கு வா. 2022இல் அமெரிக்கத் தரைப்படை உடற்சோதனையில் வயதுக்கும் பாலுக்கும் தனித்தனிப் புள்ளி அட்டவணை போட்டது. 2025இல் திருப்பி, போர்ப் பிரிவுகளுக்கு மட்டும் ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே அளவு என்றது. இளகியது சரியென்றால் ஏன் திரும்பினார்கள்?

உட்லண்ட்ஸ் சிவா

இது நல்ல கேள்வி. பிசியோ அக்கா பதில் சொல்லட்டும்.

பிசியோ

பெறாமகனையே கேளுங்கள். கனடாவில் வயது, பால் எதுவும் பார்க்காத ஒரே அளவு பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறது. 20 கிலோ மணல்மூட்டையை ஒரு மீற்றர் உயரத்துக்கு 30 தரம் தூக்க வேண்டும், மூன்றரை நிமிடத்துக்குள். போனில் கதைக்க விடுகிற அதே இராணுவம்தான் இதையும் கேட்கிறது. ஆக, போனுக்கும் இறுக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

எனக்கு இதில் இருக்கிற பயம் வேறு. முந்தி 'தண்ணீர் குடிக்காமல் ஓடினால் உடம்பு பழகும்' என்றார்கள். உடம்பு அப்படிப் பழகாது. பிறகு அதற்கு மாறாக அளவுக்கு மிஞ்சிக் குடிக்கச் சொல்லி, இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆட்கள் செத்தார்கள். 1998இல் அமெரிக்க இராணுவம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1.4 லீற்றருக்கு மேல் வேண்டாம் என்று உச்சவரம்பு வைத்தது. அளவு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து, சிறுநீர் கறுத்த மண்ணிறத்தில் போகும், பிறகு சிறுநீரகம் நின்றுவிடும். இதற்கு அமெரிக்கா போகத் தேவையில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன எங்கள் பொடியன் ஒருவனைப் பகிடிவதை என்று கடும் உடற்பயிற்சி செய்ய வைத்து, சிறுநீரகம் பழுதாகி அவன் இறந்தான். 1998ஆம் ஆண்டின் பகிடிவதைத் தடைச் சட்டம் அதற்குப் பிறகு வந்தது. அங்கும் சீனியர்கள் சொன்ன நியாயம் 'ஆளைப் பதப்படுத்துகிறோம்' என்பதுதான்.

ஸ்காபரோ அம்மா

அந்தப் பிள்ளையின் செய்தி வந்த பேப்பர் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நான் ஊரில்தான்.

பழைய கடேற்

பகிடிவதையையும் பயிற்சியையும் ஒரே சட்டிக்குள் போடாதே பிள்ளை. பயிற்றுநருக்குப் பொறுப்பு உண்டு, சீனியருக்கு இல்லை. என் கட்சியை நான் மாற்றவில்லை.

பிசியோ

மாற்றச் சொல்லவில்லை, ஒரு கணக்கு மட்டும் கேட்கிறேன். அதே பாரிஸ் ஐலண்டில் வெக்கையால் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தபடியால் ஐம்பதுகளில் ஒரு அளவு கண்டுபிடித்தார்கள். வெப்பம், ஈரப்பதன், வெயில், காற்று நான்கையும் சேர்த்துப் பார்ப்பது. அது 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் கறுப்புக் கொடி, கடும் பயிற்சி நிற்கும். மரீன் படையே நிறுத்துகிறது. எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடைப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு நிற்கிறார்கள்? பிற்பகல் ஒன்றரை. பிரமுகர்களுக்குப் பந்தல், பிள்ளைகளுக்கு வெயில். ஒவ்வொரு வருடமும் வரிசையில் ரெண்டு மூன்று பேர் மயங்கி விழ, சாரணர் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 2024இல் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் இறந்தான். நாங்கள் எந்தக் கொடியைப் பார்க்கிறோம்?

வடமராட்சியான்

விழுவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. பிரதம விருந்தினரின் பேச்சும் காரணம். அதை ஐந்து நிமிடமாக்கினால் பாதிப் பேர் நிமிர்ந்து நிற்பார்கள்.

பழைய கடேற்

இந்த முறை எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் நான்தான் பிரதம விருந்தினர். பேச்சு எழுதி முடித்துவிட்டேன், எட்டுப் பக்கம்.

பிசியோ

சேர், பேச்சை வாசியுங்கள். ஆனால் பந்தலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் வெயிலில் நின்று வாசியுங்கள். எழுபதுகளின் பயிற்சி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம்.