மறு: வேர்பாஸ், சோல்ட்பூஹ் ரெண்டுக்கும் ஒரே சொல்லா?

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக, ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் சிப்பாயோட ரெண்டு குட்டிப் புத்தகம், வேர்பாஸ் (பணி விவரம் எழுதினது), சோல்ட்பூஹ் (சம்பளம் எழுதினது), இதுங்களுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசிட்டிருந்தோமே, அதுக்கு என் பதில்.

> ரெண்டுமே ராணுவ அடையாள அட்டைதானே, ஒரே சொல் போதும், எதுக்கு இழுத்துக்கிட்டு

ஐயா கோச்சுக்கக் கூடாது, இந்த ஒரே சொல்லாலதான் போன மாசம் பூரா மண்டையை ஒடச்சிக்கிட்டேன். இங்க எங்க மேல்வீட்டு ஜெர்மன் பாட்டி அவங்க அப்பாவோட பழைய காகிதத்தையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல வச்சிருந்தாங்க, ரெண்டாம் உலகப்போர்ல மனுஷன் எங்கெங்க இருந்தாருன்னு தெரியணும், பேரப்பிள்ளைங்களுக்கு பொறுமை இல்ல, எனக்கு பழங்காகிதம்னா கிறுக்குன்னு தெரிஞ்சு எங்கிட்ட குடுத்துட்டாங்க. உள்ள இந்த ரெண்டு புத்தகம், சிப்பாயோட அடையாளத் தகடு ஒண்ணு. குறிப்பெடுக்கும்போது ரெண்டு புத்தகத்துக்கும் அடையாள அட்டைங்கிறதைச் சுருக்கி ‘அ.அ.’ன்னே எழுதி வச்சேன், நாலு நாள் கழிச்சுப் பார்த்தா எந்தத் தேதி எதுலேர்ந்து எடுத்ததுன்னு எனக்கே புரியல.

வேர்பாஸ்ங்கிறது ஆளெடுப்புக்கு உடம்பைப் பரிசோதிச்சு ‘தேறினான்’னு சொன்னதும் குடுக்கறது. படையில சேர்ந்ததும் அதை வாங்கி கம்பெனி ஆபீஸ்ல வச்சிட்டு பதிலுக்கு சோல்ட்பூஹைக் கையில குடுத்திருவாங்க, அப்புறம் இது சட்டைப்பையில, அது பீரோவுல. படையை விட்டு அனுப்பினா வேர்பாஸ் திரும்ப கைக்கு வரும், செத்துட்டா வீட்டுக்குப் போகும். அரசு ஊழியர் வீட்டுல பொறந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், எஸ்.ஆர். புக்கு, அதாவது சர்வீஸ் ரிஜிஸ்டர்! எங்கப்பா முப்பது வருஷ சர்வீஸ்ல அவரோட எஸ்.ஆரைக் கண்ணால பார்த்தது நாலஞ்சு தடவை இருந்தா அதிகம், மாத்தலாகிப் போனா அது பின்னாடியே தனியா வரும். அதுக்கு ‘பணிப்பதிவேடு’ன்னு நல்ல சொல் புழக்கத்துல இருக்கே, அதனால வேர்பாஸுக்கு படைப்பணிப் பதிவேடு.

> சோல்ட்பூஹுக்கு ‘படியேடு’ எப்படி? பயணப்படி, பஞ்சப்படி மாதிரி

அக்கா, ஆசையாத்தான் இருக்கு, பத்து நாளைக்கு ஒருதடவை குடுத்த களப்பணம்தான் அது, ‘படி’ கச்சிதமா உக்காருது. ஆனா ஆவணத்துறையில ‘படி’ன்னா நகல். “படியேட்டின் மூலப்படி கிடைக்கவில்லை”ன்னு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க, படிக்கிறவன் ஓடிருவான். ‘கூலியேடு’ வேண்டவே வேண்டாம், கூலிப்படைன்னு நெனச்சிக்குவாங்க. நேரா சம்பளப் புத்தகம்னே சொல்லிருவோம்.

அதுல சம்பளம் கொஞ்சம்தானேன்னு கேட்டிருக்கீங்க. நெசந்தான். முதல் பக்கத்துல தகடு எண், ரத்த வகை, வாயு முகமூடி சைஸ், அடுத்த பக்கத்துல உயரம், தலைமுடி நிறம், செருப்பு சைஸ் வரைக்கும், அப்புறம் எந்தெந்தப் படைப்பிரிவு, தடுப்பூசி, ஆஸ்பத்திரி, மெடல், லீவு. இதுவே ஆளடையாளச் சீட்டும்னு அட்டையிலேயே அச்சடிச்சிருக்கு. இருக்கட்டுமே, ரேஷன் கார்டைக் காட்டித்தானே கேஸ் கனெக்‌ஷன் வாங்கினோம், அதுக்காக அதை முகவரி அட்டைன்னா சொன்னோம்?

பேரைப் பிரிச்சு வச்சதும் ஒரு விஷயம் பிடிபட்டுச்சு பாருங்க. பதிவேட்டுல 1941-42 குளிர்காலத்துக்கு கிழக்குப் போர்முனைச் சண்டைகள் வரிசையா, ஒரே கையெழுத்துல, ஒரே மையில. சம்பளப் புத்தகத்துல அதே வாரங்கள்ல ராணுவ ஆஸ்பத்திரி முத்திரை! மனுஷன் கால் உறைஞ்சு படுத்திருக்கார், கம்பெனி குமாஸ்தா எல்லாருக்கும் போட்ட லிஸ்ட்டை இவர் கணக்குலயும் ஏத்திட்டார் போல. அந்தக் குளிர்காலத்துக்குக் குடுத்த மெடலும் இவருக்கு உண்டு, சிப்பாய்ங்க அதை ‘உறைஞ்ச கறி மெடல்’னு கிண்டல் பண்ணுவாங்களாம். பாட்டிகிட்ட சொன்னேன், அப்பா வீட்டுக்குள்ள எப்பவும் கம்பளி சாக்ஸோடதான் இருப்பார்னாங்க.

> தகடு ரெண்டா உடையும்னீங்களே, ‘முறிவில்லை’ன்னு வச்சா?

தம்பி, சேர்த்து வாசிச்சுப் பாருங்க. ‘முறிவு இல்லை’! உடையறதுக்குன்னே செஞ்ச பொருளுக்கு உடையாதுன்னு பேரா, நல்லா சிரிச்சேன். வில்லைங்கிறது சரி, அந்தக்கால டவாலி சேவகன் மார்ல போட்டிருந்ததும் வில்லைதான், அதனால அடையாள வில்லை போதும். நீள்வட்டம், நடுவுல வெட்டுக்கோடு, ரெண்டு பாதியிலயும் ஒரே மாதிரி எழுத்துப் பொறிப்பு, ஆள் செத்தா கீழ்ப்பாதியை முறிச்சு எடுத்துக்கிட்டு மேல்பாதியை உடம்போட விட்டுருவாங்க.

கலைச்சொல் பட்டியல்ல இதுக்கு ஒரு குறிப்பு கண்டிப்பா போடணும். வில்லையில பேரே இருக்காது. பொறிச்சிருக்கிற படைப்பிரிவும் வில்லையைக் குடுத்த இடம்தான், பெரும்பாலும் பயிற்சிப்பிரிவு, சண்டை போட்ட பிரிவு இல்ல. நானும் மொதல்ல அதை நம்பி ஒரு வாரம் தப்பான ரெஜிமெண்ட் பின்னாடி சுத்தினேன். 1939ல பெர்லின்ல, போர்ல செத்தவங்க, சிறைப்பட்டவங்க விவரத்துக்குன்னே ஒரு தகவல் அலுவலகம் வச்சாங்க, வில்லைப் பட்டியலெல்லாம் அங்கதான் போச்சு, 2019லேர்ந்து அது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்துக்குள்ள சேர்ந்துருச்சு, பாட்டி பேர்ல விண்ணப்பம் அனுப்பியாச்சு. போட்ஸ்டாம்ல இருந்த தரைப்படை ஆவணக்காப்பகம் 1945 ஏப்ரல் குண்டுவீச்சுல எரிஞ்சதால இப்படி டின்ல கெடக்கிறதுக்குத்தான் மதிப்பு.

இன்னொண்ணு பாக்கி. படைப்பிரிவு பேரை மறைக்க கடிதத்துல போட்ட அஞ்சு இலக்க எண், ஃபெல்ட்போஸ்ட் நம்பர். ‘களத்தபால் எண்’னு எழுதினா எங்க வீட்டுல ‘கள்ளத்தபால்’னு வாசிக்கிறாங்க. ‘களஅஞ்சல் எண்’ணும் நாக்குல நிக்கல. யாருக்காவது தோணினா சொல்லுங்க.